குற்றாலத்தில் எந்த அருவிக்குப் போகலாம்?

குற்றாலம் என்று முடிவானதுமே எந்த அருவி என்று வேனுக்குள் சண்டை ஆரம்பித்துவிடும். பெரியவர்கள் மெயினருவி என்பார்கள், கல்லூரி அண்ணன்கள் பழைய குற்றாலம் என்பார்கள், கடைக்குட்டிகளை யாரும் கேட்பதே இல்லை.

மெயினருவியில் விழுவது சிற்றாறு. பெயருக்கேற்ற சின்ன ஆறுதான், தென்காசி வழியாக ஓடி சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேர்ந்துவிடும். ஆனால் விழுகிற உயரம் கிட்டத்தட்ட 60 மீட்டர். அது அப்படியே தலையில் இறங்கினால் ஒருவரும் நிற்க முடியாது. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளம் வேகத்தை வாங்கிக்கொண்டு மிச்சத்தைத்தான் நமக்கு அனுப்புகிறது. அப்படியும் சீசனில் முதுகில் தொம் தொம்மென்று அடி விழும், கம்பியை விட்டால் தள்ளிக்கொண்டே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் போகாதீர்கள், தண்ணீரைவிட ஆள்தான் அதிகம். இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் குளிப்பது தனி சுகம்.

என் ஓட்டு ஐந்தருவிக்கு. மெயினருவியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். ஒரே ஓடை பாறையில் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுவதால் கூட்டமும் பிரிந்துவிடுகிறது, ஒன்றில் இடம் இல்லையென்றால் அடுத்ததுக்கு நகர்ந்துவிடலாம். உயரமும் குறைவு என்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெம்பாக நிற்கலாம். ரொம்பச் சின்னவர்கள் இருந்தால் புலியருவி போதும், தண்ணீர் மெதுவாக விழும், பயம் இல்லை. கொஞ்ச நேரத்தில் போரடிக்கும், அது வேறு விஷயம்.

பழைய குற்றாலம் ஊரிலிருந்து 8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அழகு என்று பார்த்தால் இதற்குத்தான் முதல் இடம். ஆனால் மேலே மலையில் கொட்டும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது, 2024 மே மாதம் அப்படித் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ போலீஸ் விசில் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள். இது எல்லா அருவிக்கும் பொருந்தும். மெயினருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் அன்றைக்குக் குளிக்கத் தடைதான்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம், ரம்புட்டானும் மங்குஸ்தானும் தெருவெங்கும் விற்பார்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் அருவிக்குள் கூடாது. தடை போட்டுவிட்டால் உடனே ஊர் திரும்ப வேண்டியதில்லை: ஐந்தருவி சாலையில் வெண்ணமடைக்குளம் நிரம்பியிருந்தால் படகு விடுவார்கள், மழைச் சாரலில் பெடல் மிதித்துவிட்டு வரலாம்.