எட்டு ஓட்டை ரிம்மும் உள்ளே ஒளிந்திருந்த ட்யூபும்

பழைய காருக்கு அலாய் வீல் போடும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு கடையைத்தான் தவிர்ப்பீர்கள். நான் ஏமாந்த விதத்தில் ஏமாற்ற எந்தக் கடையாலும் முடியும்.

என் கார் இருபது வயதைத் தாண்டியது. 13 அங்குல இரும்பு ரிம், 155/80 டயர் (அகலம் 155 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம்). நான்கு டயரும் தேய்ந்துபோனதால் டயர் மாற்றத்தான் போனேன். சுவரில் வரிசையாக 15 அங்குல அலாய் வீல்கள் தொங்கின. என் கண் அங்கே போனதைக் கடைக்காரர் கவனித்துவிட்டார்.

"இதைப் போட்டா வண்டிக்குப் பத்து வயசு குறைஞ்சிடும் சார். டயரோட சேர்த்தே தர்றேன், யாரோ புதுசா போட்டுக் கழட்டினது. உங்க பழைய ரிம்மைக் கொடுத்தா விலையில கழிச்சுக்கலாம்."

பொருந்துமா என்று கேட்டேன்.

"எட்டு ஓட்டை இருக்கு பாருங்க. எந்த வண்டிக்கும் பொருந்தும்."

இது பாதி உண்மை. நான்கு போல்ட் கார்கள் நிறையவற்றில் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. அல்லது 114.3 மி.மீ. இரண்டுக்கும் சேர்த்துத் துளை போட்டதுதான் எட்டு ஓட்டை ரிம். 98-ம் உண்டு, 108-ம் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. 98 வட்ட ஹப்பில் (காரில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) 100 ரிம்மை இழுத்துப் பிடித்து மாட்டிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். அது சாய்ந்துதான் உட்காரும், ஓட ஓடத் தளரும். என் கார் 4×100, அதாவது நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம் என்பதால் அந்த ஆபத்து இல்லை. துளைக்குள் ஹப்பின் ஸ்டட் (மரை போட்ட தண்டு) நுழைந்தது, நட் முடுக்கினார்கள், நானும் பொருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து காரை நிறுத்திவிட்டு நாலு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. முழுசாக ஒடித்துத் திருப்பினால் மட்கார்டில் டயர் உரசும் சத்தம். பின் சீட்டில் இருவர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கினால் பின்னாலும் அதே சத்தம். திரும்பக் கடைக்குப் போனேன். மறுபடி பேலன்சிங் போட்டார்கள், நடுக்கம் போகவில்லை. அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது: "பழைய வண்டி சார், அடியில ஏதாவது போயிருக்கும்."

இந்தப் பதிவையே நான் எழுதுவது அந்த வாக்கியத்துக்காகத்தான். புதுக் காருக்கு இப்படிப் பொருத்திக் கொடுத்திருந்தால் பதில் சொல்ல முடியாமல் முழித்திருப்பார்கள். பழைய கார் என்றால் எல்லாவற்றுக்கும் காரணம் தயாராக இருக்கிறது. நானும் நம்பி டை ராட் எண்ட் மாற்றினேன், லோயர் ஆர்ம் புஷ் மாற்றினேன். நடுக்கம் அப்படியே இருந்தது. வீல் மாற்றுவதற்கு முந்தின நாள் வரை இதே கார் 100-ல் ஆடாமல் ஓடியது என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல அத்தாட்சி இல்லை. நீங்கள் போவதானால், மாற்றும் முன்பு கடை ஆளையே பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிடுங்கள். அப்புறம் வாய் திறக்க மாட்டார்.

உண்மை வெளிவந்தது ஒரு பஞ்சரில். சின்ன ஆணிதான். ட்யூப்லெஸ் டயரில் அப்படி ஒரு ஆணி ஏறினால் காற்று மெதுவாகக் கசியும், பல நேரம் வீடு வரை வந்துவிடலாம். எனக்கோ நிமிஷத்தில் சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டது. பஞ்சர் ஒட்டுபவர் டயரை நெம்பிக் கழற்றினார். உள்ளே கையை விட்டவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, ட்யூப்லெஸ்னு சொன்னீங்க?"

ட்யூப் இருந்தது. அதுவும் அளவுக்குச் சேராத ட்யூப், மடிந்து மடிந்து கிடந்தது. ட்யூப்லெஸ் டயரின் உட்பக்கத்தில் உரசி உரசிச் சூடாகித் தேயும், வெடித்தால் ஓட்டத்திலேயே காற்று போகும். ஏன் ட்யூப் போட்டார்கள் என்பதற்கு ரிம்மே பதில் சொன்னது. உள் விளிம்பில் விரல் நீளத்துக்கு வெல்டிங் வைத்து, அரத்தால் ராவி, மேலே வெள்ளி நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ரிம் விரிசல் விட்டது, காற்று நிற்கவில்லை, ட்யூபைத் திணித்து விற்றுவிட்டார்கள். அலாய் ரிம்கள் பலவும் வெப்பத்தில் பதப்படுத்தியவை. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த வலு போய்விடும். அதில் குடும்பத்தோடு 100-ல் போயிருக்கிறேன்.

பிறகு தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் நான்கையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். முதலில் அவர் டயரில் காரின் உள்பக்கம் பார்த்திருந்த பக்கச் சுவரைத்தான் பார்த்தார். அங்கே 'DOT' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியாக வரும் நான்கு எண்கள் தயாரிப்பு வாரமும் வருடமும். என் டயரில் 3713, அதாவது 2013-ஆம் வருடம் 37-ஆவது வாரம். பட்டன் (தரையில் படும் பகுதியின் வரிப்பள்ளம்) ஆழம் நன்றாக இருந்ததால் புது டயர்போலத் தெரிந்திருக்கிறது, ரப்பரோ கல்லாகிவிட்டது. பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள், மேலே கறுப்பு பாலிஷ். தேதி பல டயர்களில் ஒரு பக்கம்தான் இருக்கும். நான்கையும் அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டியிருந்தார்கள். 'வெளிப்பக்கம்' என்று குறி போட்ட டயர்களில் தேதி இயல்பாகவே உள்ளே வரலாம், ஆகவே அது மட்டும் திருட்டுத்தனம் ஆகாது. என் டயரில் அப்படிக் குறி எதுவும் இல்லை. ரிம்மில் ஏற்றும் முன்பே இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

நடுக்கத்துக்குக் காரணம் ரிம்மின் நடுத் துளை. என் காரின் ஹப் 54.1 மி.மீ., இந்த ரிம்மின் துளை 73.1. எல்லாக் காருக்கும் விற்பதற்காகப் பெரிதாகக் குடைந்து விடுவார்கள், தவறில்லை. இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். சின்னப் பொருள். அதைப் போடவில்லை. வளையம் இல்லாமலும் கூம்பு நட் சரியாக உட்கார்ந்தால் ரிம் ஓரளவு நடுவில் நிற்கும். எனக்கு அதுவும் இல்லை, ஏனென்றால் நட் பிடித்ததே அரைகுறை.

அது எப்படி என்றால், என் பழைய ரிம்மின் அகலம் 5 அங்குலம், இது 6.5. ஆஃப்செட் (ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் படும் முகம் வரை உள்ள தூரம்) இரண்டுக்கும் 45 மி.மீ.தான். ஆக உள்ளே 19 மி.மீ., வெளியே 19 மி.மீ. கூடுதல். அதன்மேல் 195/60 டயர். உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் தட்டியிருக்கிறது. கடைக்காரர் என்ன செய்தார்? ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே 5 மி.மீ. ஸ்பேசர் தகடு ஒன்றைச் செருகிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. உள்ளே தட்டுவது நின்றது, வெளியே மட்கார்டில் உரச ஆரம்பித்தது. ஸ்டட் நீளம் அதேதான், ஆகவே மரை பிடிக்கும் நீளம் குறைந்துபோனது. மெக்கானிக் ஒரு நட்டைக் கழற்றும்போது சுற்றை எண்ணினார்: நாலரை. 12 மி.மீ. ஸ்டட்டில் குறைந்தது 12 மி.மீ. அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும் மரைக்கு அது எட்டுச் சுற்று. இரண்டு ஸ்டட்டுகள் ஏர் கன் முறுக்கில் இழுபட்டு மரை சிதைந்திருந்தன.

உயரக் கணக்கும் போட்டுக் காட்டினார். 155/80 13-ன் மொத்த விட்டம் 578 மி.மீ. அவர்கள் போட்ட 195/60 15-க்கு 615. ஆறு சதவீதத்துக்கு மேல் கூடுதல். மீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 106-ல் போய்க்கொண்டிருந்தேன். மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்று இஞ்சினைத் திட்டியதற்கும் இதுதான் காரணம். 15-தான் வேண்டும் என்றால் 195/50 போட்டிருக்கலாம், விட்டம் 576 வரும். கடையில் கிடந்தது 60, அதனால் எனக்கும் 60.

ரிம்மைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "நீங்கதானே பார்த்து எடுத்தீங்க?" என்றார். பில்லில் எழுதியிருந்தது ஒரே வரி: 'வீல் செட் – 1'. அளவு இல்லை, தயாரிப்பு வருடம் இல்லை, பழையது என்றோ புதியது என்றோ இல்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்னத்தைப் பேசுவது? என் இரும்பு ரிம்கள் அன்றைக்கே கைமாறிப் போயிருந்தன. நல்லவேளை, ஸ்டெப்னி மட்டும் டிக்கியில் தங்கியது.

இப்போது 14 அங்குலம், 5.5 அகலம், அதே 45 ஆஃப்செட், 185/60 டயர் போட்டிருக்கிறேன். விட்டத்தில் பழையதற்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, அதனால் 13 அங்குல ஸ்டெப்னியை அவசரத்துக்கு அப்படியே மாட்டலாம். சுமை எண் முன்பு 79, அதாவது 437 கிலோ. இப்போது 82, 475 கிலோ. இந்த எண் பழையதைவிடக் குறையவே கூடாது. வளையம் போட்டாயிற்று, சிதைந்த ஸ்டட்டுகளை மாற்றியாயிற்று. நட்டுகளைக் கையால் பிடித்து, கையேட்டில் சொன்ன 103 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) வைத்து முடுக்கினோம். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்த்தோம், இரண்டு நட் இன்னும் கொஞ்சம் ஏறியது. புது ரிம்முக்கு வேறு நட் என்பதால், ஸ்டெப்னிக்கு வேண்டிய பழைய நட் நான்கையும் துணியில் சுற்றி ஜாக்கியோடு வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நான் வாசலை விட்டு இறங்கும்போது கடைக்காரர் கூப்பிட்டு, அந்த நான்கு ரிம்மையும் பாதி விலைக்குத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கொடுக்கவில்லை. வெல்டிங் வைத்ததைச் சம்மட்டியால் இரண்டாகப் பிளந்த பிறகுதான் நான்கையும் பழைய இரும்புக்காரருக்கு எடை போட்டேன்.