அம்பாசிடர் பெட்ரோல் இன்ஜின்: பேக்கிங் செட்டும் 20டபிள்யூ-50 ஆயிலும் எப்படி?

இன்ஜின் வேலை முடிந்து வந்த பழைய அம்பாசிடர் பத்தே நாளில் போர்டிகோ டைல்ஸில் கறை போட ஆரம்பித்தால், முதல் பழி ஆயில் மேல்தான் விழும். "தண்ணி மாதிரி இருக்கு, கெட்டியா ஊத்துங்க" என்பார்கள். ஆயிலுக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால் ஒழுகலை முதலில் தீர்மானிப்பது பேக்கிங்கும் (இரண்டு பாகங்களுக்கு நடுவில் வைக்கும் காஸ்கெட்) அதைப் போட்ட கையும், அடுத்து இன்ஜின் மூச்சு விடும் குழாயும். ஆயில் மூன்றாவதாகத்தான் வருகிறது. சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கென்று கிடைக்கும் முழு பேக்கிங் செட்டையும், அதன் பிறகு ஊற்ற வேண்டிய 20டபிள்யூ-50 (குளிரில் 20, சூட்டில் 50 கிரேடு) மினரல் ஆயிலையும் அந்த வரிசையிலேயே பார்ப்போம். பின்னால் வந்த 1800 இசுசு இன்ஜினுக்கு இது பொருந்தாது.

செட்டில் ஹெட் பேக்கிங், மேனிஃபோல்டு பேக்கிங், பேப்பர் பேக்கிங்குகள் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. பிரச்சினை கார்க்கில்தான். கடை ரேக்கில் வருடக்கணக்கில் கிடந்த கார்க் காய்ந்து சுருங்கிவிடும். வாங்கும்போதே கவரைப் பிரித்து, சேம்பர் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) பேக்கிங்கை விரலைச் சுற்றி மெதுவாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு விட்டால் வேண்டாம். வெடிக்காமல் நீளம் மட்டும் குறைந்து போல்ட் ஓட்டை பொருந்தவில்லை என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும். ரப்பர் கலந்த கார்க் கிடைத்தால் தயங்காமல் அதையே எடுங்கள், சூட்டையும் அழுத்தத்தையும் அதிக நாள் தாங்கும்.

நல்ல பேக்கிங்கையும் கெடுப்பது அதிகப்படியான முறுக்கு. இந்த இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி சீரிஸ் குடும்பம். அதற்கான முறுக்கு சேம்பர் போல்ட்டுக்கு 6 அடி-பவுண்டு, அதாவது சுமார் 8 நியூட்டன் மீட்டர். இன்ஜின் தலைமேல் மூடியான ராக்கர் கவருக்கு 4, பிளாக்கின் பக்கவாட்டு மூடியான டாப்பட் சைடு கவருக்கு வெறும் 2. கையில் நீளமான ஸ்பானர் இருந்தால் இதைத் தாண்டாமல் இருப்பதே கஷ்டம். தாண்டினால் கார்க் பிதுங்கி வெளியே வரும், தகடு போல்ட்டைச் சுற்றிக் குழிந்துவிடும். கழற்றிய சேம்பரின் விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு ஓட்டையிலும் சின்ன மேடு தெரியும். அதைத் தட்டிச் சமமாக்காமல் எந்த பேக்கிங் போட்டாலும் இரண்டு போல்ட்டுக்கு நடுவில் ஆயில் கசியும். டாப்பட் கவர் இன்னும் மோசம். மேனிஃபோல்டுக்குக் கீழே இருப்பதால் கார்க் வெந்துபோகும், இன்ஜின் மாட்டிய பிறகு கையும் போகாது. டாப்பட் கவர்கள் இரண்டையும் இன்ஜின் வெளியே இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

சேம்பரின் முன்னும் பின்னும் மெயின் பேரிங் கேப்பில் உட்காரும் கார்க் பட்டைகளைப் பலரும் விளிம்போடு சமமாக வெட்டிவிடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் மேலே நிற்கட்டும். சேம்பர் அழுத்தும்போதுதான் அது இடத்தை அடைக்கும். பின் பக்க மெயின் கேப் பிளாக்கில் உட்காரும் முகத்தைத் துடைத்து, சீலிங் காம்பவுண்டை மெல்லியதாகத் தடவி மாட்ட வேண்டும். இதை விட்டால் பின்னால் ஒழுகும், கிளட்ச் ஹவுசிங் அடியிலுள்ள ஓட்டை வழியே சொட்டும், பிறகு எல்லோரும் "பேக் சீல் போச்சு" என்று இன்ஜினை மறுபடி இறக்குவார்கள். டியூபில் வரும் சிலிக்கான் சீலன்ட் விஷயத்தில் கறாராக இருங்கள். வெளியே அரை அங்குலம் பிதுங்கியிருந்தால் உள்ளேயும் அவ்வளவு பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து போய் ஆயில் பம்ப் ஸ்ட்ரெய்னரில் அடைத்தால் போவது பேரிங்.

டைமிங் கவர் ஆயில் சீல் செட்டில் வருவதே போதும். கவரை லூசாக வைத்து, கிராங்க் புல்லியைச் சீலுக்குள் நுழைத்து மையம் பிடித்த பிறகே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். புல்லி கழுத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீல் நிற்காது. ஸ்லீவ் போட வேண்டும், இல்லையென்றால் வேறு புல்லி தேட வேண்டும்.

இந்த இன்ஜினின் பின் பக்கத்தில் உதடு வைத்த ரப்பர் சீலே கிடையாது. கிராங்க் ஷாஃப்டில் வெட்டிய மரை, சுற்றும்போது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். நின்றுவிட்டால் தள்ள ஆள் இல்லை. அதனால் சீலை மிருதுவாக்கும் "ஸ்டாப் லீக்" பாட்டில் இங்கே எதையும் செய்யாது, கார்க்கையும் காப்பாற்றாது. அது வீண் செலவு. அந்த மரையைத் தோற்கடிப்பது உள்ளே ஏறும் காற்றழுத்தம். புது பிஸ்டன் ரிங் படியும்வரை கொஞ்சம் புகை பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும். முன் பக்க டாப்பட் கவரிலிருந்து வரும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் அந்த அழுத்தம் ஆயிலைத் தள்ளிக்கொண்டு பின்னால் வெளியேறும். அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, ஊதிப் பார்த்து மாட்டுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

இப்போது ஆயில். 20டபிள்யூ-50 தான் சரி. 100 டிகிரியில் 50 கிரேடின் பிசுபிசுப்பு 16.3 சென்டிஸ்டோக்குக்கு மேல்; 40 கிரேடுக்கு 12.5-லிருந்து 16.3 வரை. மே மாதம் அண்ணா சாலை சிக்னலில் நிற்கும்போது பிரஷர் கேஜில் இந்த வித்தியாசம் தெரியும். சூடான ஐடிலிங்கில் 15 பிஎஸ்ஐ, ஓட்டத்தில் 50 வந்தால் கவலை வேண்டாம். சென்னையில் மார்கழி விடியற்காலையிலும் குளிர் என்று சொல்ல ஒன்றுமில்லை, 5டபிள்யூ, 0டபிள்யூ எண்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இந்த இன்ஜினில் வால்வைத் திறக்கும் கேம் மேல் தட்டையான டாப்பட் உரசுகிறது. அதற்கு ஆயிலில் ஜிங்க்-பாஸ்பரஸ் வேண்டும். ஏபிஐ எஸ்என் என்ற அமெரிக்க ஆயில் தரத்தில் பாஸ்பரஸ் 800 பிபிஎம் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்குத்தான், 20டபிள்யூ-50க்கு இல்லை. டேட்டா ஷீட்டில் 1000-லிருந்து 1200 இருந்தால் நிம்மதி. ஷீட் கிடைக்காவிட்டால் ஜாசோ எம்ஏ (ஜப்பானிய பைக் ஆயில் தரம்) முத்திரையுள்ள பைக் 20டபிள்யூ-50 நல்ல மாற்று, அதில் பாஸ்பரஸ் 800-லிருந்து 1200 வரை இருக்க வேண்டும் என்பது விதி. 15டபிள்யூ-40 டீசல் ஆயிலிலும் ஜிங்க் உண்டு, ஆனால் அதன் கழுவும் தன்மை அதிகம். சுத்தமாக வேலை செய்த இன்ஜினுக்குப் பரவாயில்லை. திறக்காத பழைய இன்ஜினில் ஊற்றினால் ஒட்டியிருந்த அழுக்கு கரைந்து, அது அடைத்து வைத்திருந்த ஒழுகல்களும் வெளியே வரும். தனியாக ஜிங்க் பாட்டில் வாங்கிக் கலக்க வேண்டாம், அளவு மீறினால் கேமுக்கே கேடு.

ரன்னிங் இன் (புது பாகங்கள் படியும் ஆரம்ப ஓட்டம்) முடியும்வரை சிந்தெடிக் பக்கம் போகாதீர்கள், ரிங் படியாமல் சிலிண்டர் போர் பளபளத்துவிடும். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலிங்கில் விடாமல் 1500-2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். அப்போதுதான் கேமுக்கு ஆயில் நன்றாகத் தெறிக்கும். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், அடுத்து 1500-ல், பிறகு 3000-க்கு ஒருமுறை.

இவ்வளவுக்குப் பிறகும் சொட்டினால், இன்ஜினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிக் காயவைத்து, டால்கம் பவுடர் தூவிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஈரம் எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து கீழே தேடுங்கள். ராக்கர் கவரில் கசிந்த ஆயில் பிளாக்கின் பின்புறம் வழிந்து கிளட்ச் ஹவுசிங்கில் சொட்டுவது சகஜம். ராக்கர் கவர் ஓரத்தில் பவுடர் நனைந்திருந்தால் பின் பக்கத்தைத் தொட வேண்டாம், ராக்கர் கவர் கார்க்கை மாற்றினால் போதும். மேலே எல்லாம் உலர்ந்திருந்து, ராத்திரி நிறுத்திய வண்டிக்கு அடியில் காலையில் இரண்டு மூன்று சொட்டு மட்டும் இருந்தால், அது மரை சீலின் சுபாவம். அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு வண்டியை ஓட்டுங்கள்.