11,800 ரூபாய் பில், தொடாத பிளக்: ஃபோர் வீல் வண்டிக்காரர்கள் கவனிக்கவும்

பைபாஸ் ரோட்டில், ஏசி ரூம் போட்டு எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப். பெயர் போடவில்லை. போடிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் ஃபோர் வீல் ஜீப் என்னுடையது. மழைக்காலத்தில் அச்சு ஹவுசிங் முங்க ஓடையில் இறங்கி ஏறும். கியர்பாக்ஸ், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அந்த அச்சுகளில் இருக்கும் பல்சக்கரப் பெட்டிகளான முன் கிரவுன், பின் கிரவுன் என நாலிலும் ஆயில் மாற்றச் சொன்னேன். ஜிஎஸ்டி சேர்த்து 11,800 ரூபாய்.

சூப்பர்வைசரே ஒரு தட்டில் ஆயிலோடு ஏசி ரூமுக்கு வந்தார். “பாருங்கண்ணே, என்னமா கறுத்துக் கிடக்கு! இப்பவாவது கொண்டுவந்தீங்களே.” அந்த ‘அண்ணே’யில் மனசு குளிர்ந்து, அங்கேயே போனில் பணம் அனுப்பினேன். அந்தத் தட்டில் நாற்றமே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. கியர் ஆயிலில் கந்தகச் சேர்மானம் உண்டு, பழசு என்றால் குமட்டும். எனக்குக் காட்டியது யாருடைய டீசல் வண்டி இன்ஜின் ஆயிலோ!

அப்புறம் முன்பக்கம் ஊளைச் சத்தம். எங்கள் ஊர் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தார். முன் கிரவுனில் ஆயில் ஊற்றும் ஓட்டையை மூடுகிற ஃபில்லர் பிளக் மேல் தோட்டத்துச் செம்மண் காய்ந்து அப்படியே அப்பியிருக்கிறது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. திறந்தால் பால் டீ நிறத்தில் வழிகிறது. அத்தனையும் தண்ணீர் புகுந்த ஆயில். ஆயிலை வடிக்கும் அடி பிளக்கின் காந்தத்தில் இரும்புத்தூள் பசையாக ஒட்டியிருந்தது. கிரவுனைச் சுழற்றும் பினியன் பல்சக்கரத்தின் பேரிங் காலி. டிரான்ஸ்ஃபர் கேஸ் பிளக்கும் துரு கலையாமல் இருக்கிறது. இதற்கா 11,800?

போன் போட்டால் “ஓனர் மதுரை போயிருக்கார்.” போட்டோ அனுப்பினால் ப்ளூ டிக், பதில் இல்லை. நேரில் போனேன். அண்ணே இப்போது சார் ஆகிவிட்டது: “மலையில ஓட்டுற வண்டி, தண்ணி போகத்தான் சார் செய்யும்.” எந்த ஆயில் ஊற்றினீர்கள்? “எல்லாம் ஒண்ணுதான் சார்.” ஒன்றா? ஜிஎல்-4 தர ஆயில் கேட்கிற கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால், கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கலாம். பில்லில் “ஆயில் சர்வீஸ்” என்று ஒரே வரி, கீழே 11,800.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் ஃபில்லர் பிளக், அது கழன்ற பிறகுதான் அடி பிளக். பழைய ஆயிலை முகருங்கள். புது டின்னைக் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். சமதரையில், பெரும்பாலான வண்டிகளில் ஊற்றிய ஆயில், ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பைத் தட்டி நிற்க வேண்டும். ஓடையில் இறங்குகிறவர்கள், ஹவுசிங்குக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயையும் பார்க்கவும். பில்லில் கிரேடும் லிட்டரும் எழுதாமல் பைசா கொடுக்காதீர்கள்.

போட்டோவும் பில்லும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகின்றன. அந்த 11,800-ஐ விடுவதாக இல்லை.