மாருதி செலேரியோ: எடைக் குறைவில் வந்த லாபமும் நட்டமும்

எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ்தான், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குத் தினமும் போய்வரும் ஓட்டத்தில், ஏசி போட்டபடி, லிட்டருக்கு 20, 21 கிலோமீட்டர். மதுரைக்குள் நுழைந்து காளவாசல், சிம்மக்கல் என்று சுற்றினால் 15, 16. நான்குவழிச் சாலையில் 80-ஐத் தாண்டாமல் நிதானமாகப் போனால் 23-ஐத் தொடும். இதெல்லாம் மீட்டர் போர்டு காட்டும் கணக்கில்லை. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி வகுத்துப் பார்த்தது. எந்தக் கார் வைத்திருந்தாலும் மைலேஜை இப்படித்தான் பார்க்க வேண்டும்.

வண்டி, 2021 நவம்பரில் அறிமுகமான இரண்டாம் தலைமுறை செலேரியோ. விஎக்ஸ்ஐ என்ற வேரியன்ட், கையால் கியர் மாற்றும் மேனுவல். 2022-ல் எடுத்தேன், இப்போது ஓடோமீட்டர் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. வீட்டில் நான்கு பேர். பெரும்பாலும் காரில் இருப்பது நான் ஒருவன்தான். மாதம் ஒரு முறை குடும்பத்தோடு வெளியூர், வருடம் ஒன்றிரண்டு முறை மலை. பட்ஜெட் பார்த்துக் கார் வாங்குகிறவர்களில் பாதிப் பேரின் பயன்பாடு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கம்பெனி சொன்ன மைலேஜ் 25.24. எனக்கு 20, 21. "ஏமாத்திட்டாங்க" என்று சொல்கிறவர்கள் உண்டு, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த எண் சாலையில் ஓட்டி எடுத்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் வண்டியை நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, வகுத்துவைத்த ஒரு வேகத் திட்டப்படி இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓட்டி அளப்பது. அதில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். நம் ஊர் மே மாத வெயிலில், ஏசியை நான்கில் வைத்து, வேகத்தடைக்கு வேகத்தடை நின்று கிளம்பும் ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. எல்லாக் கம்பெனிக்கும் சோதனை ஒன்றே என்பதால், ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அந்த எண் உதவும். உங்கள் பெட்ரோல் பில்லைக் கணிக்க உதவாது. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சரி, ஒரு பெட்ரோல் காருக்கு இவ்வளவு மைலேஜ் எங்கிருந்து வருகிறது? இன்ஜினுக்கு அதில் பங்குண்டு. 998 சிசி, மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர். அதைவிடப் பெரிய காரணம் எடை. இந்த வண்டி 800 கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும். இந்தக் காரைப் பற்றி நான் சொல்லப்போகும் நல்லது கெட்டது இரண்டும் கடைசியில் அந்த 800 கிலோவில்தான் போய் நிற்கும்.

தனியாக ஓட்டும்போது வண்டி துள்ளும். 67 பிஎஸ் பவர், 89 என்எம் டார்க் என்று காகிதத்தில் படித்தால் பாவமாக இருக்கும், ஆனால் இழுக்க வேண்டிய எடை குறைவு என்பதால் டவுனுக்குள் எந்தக் குறையும் தெரியாது. இரண்டாவது கியரிலேயே பஜார் முழுக்கச் சுற்றி வரலாம். கிளட்ச் லேசு, ஸ்டீயரிங் லேசு. நீளம் 3.7 மீட்டர்தான் என்பதால், சிவகாசியின் குறுகலான தெருக்களில் லோடு ஆட்டோ எதிரே வந்தாலும் ஒதுங்க இடம் கிடைத்துவிடும். கார் ஓட்டக் கற்றுக்கொண்டு பல வருடம் தொடாமல் இருந்த என் மனைவி, இந்த வண்டியில்தான் மறுபடி பழகினாள்.

ஐந்து பேர் ஏறினால் கதை வேறு. ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலே 325 கிலோ, அதாவது வண்டியின் சொந்த எடையில் 40 சதவீதம். ஒன்றரை டன் எஸ்யூவிக்கு அதே ஐந்து பேர் ஒரு பொருட்டில்லை, இதற்குப் பொருட்டு. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது அது நன்றாகவே தெரியும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் திணறி, முதல் கியருக்கு இறக்கி, ஏசியை அணைத்து ஏற வேண்டியிருக்கும். ஏறாமல் நின்றதில்லை. ஆனால் முன்னால் போகும் பஸ்ஸை மலைப்பாதையில் முந்தும் எண்ணத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். சமதளத்திலும் முழு லோடில் ஓவர்டேக் செய்வதற்கு முன் ஒரு கியர் குறைத்துக்கொள்வது நல்லது. இந்த இன்ஜின் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல்தான் உற்சாகமாகும். அப்போது சத்தமும் கூடும், மூன்று சிலிண்டருக்கே உரிய உறுமல். பாட்டு வால்யூமைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

நெடுஞ்சாலையில் 80, 90 வரை சுகம். 100-க்கு மேலே போனால் காற்றுச் சத்தமும் டயர்ச் சத்தமும் உள்ளே வரும், மைலேஜும் சட்டென்று இறங்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதற்கு எந்த இன்ஜினும் விலக்கில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடிக்காற்று சமயத்தில், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே நாகர்கோவில் பக்கம் போகும்போது பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். லேசான, உயரமான வண்டி, வேறெப்படி இருக்கும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தால் பயமில்லை, 70-க்கு இறக்கிவிட்டால் இன்னும் நல்லது.

உள்ளே நான்கு பேருக்கு இடம் தாராளம். தலை இடிக்காது. பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் திருநெல்வேலி வந்துசேர்வதற்குள் அலுத்துக்கொள்வார். அம்மாவுக்குப் பிடித்தது சீட்டின் உயரம். குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், அப்படியே உட்கார்ந்துவிடலாம். முட்டி வலிக்காரர்கள் உள்ள வீட்டில் இது எந்த டச் ஸ்கிரீனையும்விடப் பெரிய வசதி. டிக்கி 313 லிட்டர், இந்த விலைக்கு நல்ல அளவு. ஆனால் வாய் உயரமாக இருப்பதால் அரிசி மூட்டையைத் தூக்கித்தான் உள்ளே இறக்க வேண்டும்.

இனிப் பணக் கணக்கு. மைலேஜ் என்றதும் நம் ஆட்கள் அரை கிலோமீட்டர் வித்தியாசத்துக்கெல்லாம் சண்டை போடுகிறார்கள். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் பல சண்டைகள் அவசியமில்லை என்று தெரியும். வருடம் 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 கொடுக்கும் கார் 500 லிட்டர் குடிக்கும், செலவு 50,500. 15 கொடுக்கும் கார் சுமார் 667 லிட்டர், செலவு 67,000-க்குச் சற்று மேல். வித்தியாசம் வருடத்துக்குக் கிட்டத்தட்டப் பதினேழாயிரம், மாதத்துக்கு 1,400. கணிசமான தொகைதான். ஆனால் இந்தச் சேமிப்பைக் காட்டி, ஓடுகிற பழைய காரை நட்டத்துக்கு விற்றுவிட்டுப் புதுக் கார் கடனில் எடுக்கச் சொன்னால், அந்தக் கடனின் வட்டியே இதை விழுங்கிவிடும்.

வேரியன்ட் விஷயத்திலும் இதே கணக்கைப் போட்டேன். அறிமுக விலையில் விஎக்ஸ்ஐ மேனுவல் 5.63 லட்சம், அதே விஎக்ஸ்ஐயில் கிளட்ச் இல்லாமல் தானே கியர் மாறும் ஏஎம்டி 6.13 லட்சம், இரண்டும் ஷோரூம் விலை. ஏஎம்டிக்குச் சொன்ன மைலேஜ் 26.68, அந்த நேரத்தில் இந்தியாவிலேயே அதிக மைலேஜ் தரும் பெட்ரோல் கார் என்று விளம்பரம் செய்தது அதைத்தான். கம்பெனி எண்களையே எடுத்துக்கொண்டாலும், வருடம் 10,000 கிலோமீட்டருக்கு மிச்சமாவது சுமார் 21 லிட்டர். ரூபாயில் 2,200-ஐத் தொடாது. கூடுதலாகக் கொடுத்த ஐம்பதாயிரம் திரும்ப இருபது வருடத்துக்கு மேலாகும். இடது காலுக்கு ஓய்வு வேண்டும் என்று ஏஎம்டி வாங்குங்கள், தப்பே இல்லை. மைலேஜுக்காக என்று சொல்லி வாங்காதீர்கள்.

சிஎன்ஜி அப்படியில்லை, அங்கே கணக்கு நிஜமாகவே மாறும். கடைகளுக்குச் சரக்குப் போட்டு வருடம் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற ஒரு அண்ணாச்சி என் வண்டியைப் பார்த்துவிட்டு இதையே எடுக்கலாமா என்று கேட்டார். "அண்ணாச்சி, உங்க ஓட்டத்துக்குப் பெட்ரோல் கட்டாது, கேஸ் வண்டி பாருங்க" என்றேன். சிஎன்ஜி விஎக்ஸ்ஐ அறிமுகத்தில் 95,000 ரூபாய் அதிகம். கிலோ தொண்ணூறு ரூபாய், கிலோவுக்கு நடைமுறையில் 28 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 3.20 ஆகிறது. பெட்ரோலில் ஐந்து ரூபாய். 95,000 திரும்ப ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட வேண்டும். அவருக்கு இரண்டு வருடத்துக்குள், எனக்கு ஐந்து வருடத்துக்கு மேல். கேஸ் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துகொண்டால் சரக்கை எங்கே வைப்பது என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான், பின் சீட்டை மடக்கிக்கொள்ளச் சொன்னேன்.

இப்போது எடைக் குறைவின் மறுபக்கம். பாதுகாப்பு. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் அமைப்பு குளோபல் என்கேப். 2016-ல் அதன் சோதனையில் முதல் தலைமுறை செலேரியோவின் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடலுக்குப் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். என்னுடைய தலைமுறை வேறு பிளாட்ஃபார்ம், அதாவது அடிக்கட்டமைப்பே வேறு. ஆனால் அதே ஹார்ட்டெக்ட் பிளாட்ஃபார்மில் வரும் வேகன்ஆர் 2023 சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. டாடா டியாகோவை எடுத்துக்கொள்ளுங்கள், அது 2020-லேயே நான்கு நட்சத்திரம். எடை நூறு கிலோவுக்கு மேல் கூடுதல், மைலேஜ் குறைவு. ஆக ஷோரூமில் நாம் தேர்ந்தெடுப்பது நீலமா சிவப்பா என்பதை மட்டுமல்ல. எனக்கு ஓட்டம் பெரும்பாலும் தெரிந்த சாலை, பகல் நேரம், 80-க்குள் வேகம் என்பதால் இதை எடுத்தேன். வாரம் இரண்டு முறை இரவில் சென்னைக்கு ஓடுகிறவராக இருந்தால் டியாகோ பக்கம்தான் போயிருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வண்டியில் இரண்டு ஏர்பேக். 2025 தொடக்கத்திலிருந்து எல்லா வேரியன்ட்டிலும் ஆறு வருகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம், இருந்தாலும் பாடியின் உறுதிக்கு ஏர்பேக் எண்ணிக்கை ஈடாகாது.

பராமரிப்பில் எழுத அதிகமில்லை. வருடத்துக்கு ஒரு சர்வீஸ் அல்லது பத்தாயிரம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. இன்ஜினுக்கு 0டபிள்யூ-16 ஆயில், தண்ணீர் மாதிரி இருக்கும். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஊற்றினாலும் கேனைப் பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள், கெட்டியான ஆயில் மைலேஜைத் தின்னும். சர்வீஸ் எஸ்டிமேட்டில் இன்ஜின் ஃபிளஷ், ஏசி கிருமிநாசினி, அண்டர்பாடி கோட்டிங் என்று நீளும் வரிகளை எந்தக் கம்பெனிக் காரானாலும் ஒவ்வொன்றாகக் கேட்டு அடிக்கச் சொல்லலாம். கையேட்டில் உள்ளதை மட்டும் செய்தால் பில் கையைக் கடிக்காது.

சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அணையும் வசதியைப் பற்றி ஒரு வார்த்தை. அணைந்தால் ஏசி கம்ப்ரஸரும் நிற்கும், நம் வெயிலுக்கு அரை நிமிடம்கூடத் தாங்காது. கிளம்பும்போதே பட்டனை அழுத்தி அதை நிறுத்திவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த வசதி உள்ள கார்களுக்குப் பேட்டரி தனி ரகம், சாதாரணத்தைவிட விலை கூடுதல். விலை குறைவென்று சாதாரணப் பேட்டரியை மாட்டிவிடாதீர்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் மைலேஜ் குறைந்ததா என்று பலர் கேட்கிறார்கள். குறைந்திருக்கிறது, ஆனால் ஊரில் பயமுறுத்துகிற அளவுக்கில்லை. எத்தனாலில் லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான், 20 சதவீதம் கலந்தால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். என் கணக்கில் முன்பு 21-ஐ ஒட்டி நின்றது இப்போது 20-ஐ ஒட்டி நிற்கிறது. டயர் தேய்ந்ததும், நான் அவசரக்காரனானதும் அதில் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. டயர் காற்றை மாதம் இரண்டு முறை, டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வைத்தாலே இதில் பாதியை மீட்கலாம் என்று நினைக்கிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அப்போது செலேரியோவின் தொடக்க விலை 4.70 லட்சத்துக்கு இறங்கியது, 2021-ல் அறிமுகமான 4.99-ஐவிடக் குறைவு, ஆறு ஏர்பேக்கோடு. என்னைப் போல முன்னாலேயே வாங்கியவர்களுக்கு வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்யும். பழைய வண்டி பார்க்கிறவர்களுக்கு இது நல்ல ஆயுதம். 2022 மாடலுக்கு ஐந்து லட்சம் சொன்னால் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். விலை படிந்தால் மலை ஏற்றத்தில் கிளட்ச் நழுவுகிறதா, சர்வீஸ் பதிவு கிலோமீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியையும் படித்துக்கொள்ளுங்கள். நான்கு டயரும் மாற்றும் நிலையில் இருந்தால் அந்தத் தொகையையும் பேரத்தில் கழித்துத்தான் பேச வேண்டும்.