ஜிர்கோனியா என்று சொல்லி மெட்டல் கேப் மாட்டிவிட்டார்கள், இரண்டு மாதச் சம்பளம் போச்சு

இன்று மதியம்தான் என் பல்லில் மாட்டியிருந்த அந்தக் கேப்பை வெட்டி எடுத்தார்கள். பாதி உதடு இன்னும் மரத்துப்போய் இருக்கிறது. மூன்று துண்டாக உடைந்த கேப், ஒரு சின்ன டப்பாவில் என் மேசைமேல் கிடக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. இரண்டு மாதச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்து நான் வாங்கியது இதைத்தான்.

கிளினிக்கின் பெயரைப் போடப் போவதில்லை. பல கிளைகள் இருக்கிற, வரவேற்பறையில் பெரிய திரை வைத்துச் சிரிக்கிற பற்களையே காட்டிக்கொண்டிருக்கிற வகை. கேப் போடப் போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் முடிந்தது. மேலே கேப் போட்டே ஆக வேண்டும் என்றார் டாக்டர். அப்போதே அவரிடம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னேன். எனக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது. மலிவான கம்மல் போட்டால் காது புண்ணாகிவிடும், வாட்ச் பக்கிள் படுகிற இடத்தில் தோல் சிவந்து அரிக்கும். அதனால் வாயில் உலோகமே வேண்டாம் என்றேன். அவர் அதை ஒரு தாளில் குறித்தும் கொண்டார்.

"அப்போ உங்களுக்கு ஜிர்கோனியாதான் மேடம், கவலையே படாதீங்க" என்று ஒரு மாதிரி கேப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை வெளேரென்று, உள்ளே வெளியே எல்லாம் ஒரே வெள்ளை. அதைப் பற்றி அவ்வளவு பொறுமையாக விளக்கினார். ஜிர்கோனியம் ஆக்சைடு என்கிற செராமிக், அதில் இட்ரியா என்கிற இன்னொரு ஆக்சைடைக் கொஞ்சம் சேர்த்து உறுதியாக்குகிறார்கள். வெள்ளைக் கட்டியிலிருந்து இயந்திரத்தில் கடைந்து, சுமார் 1500 டிகிரியில் சுடுவார்கள். சுடும்போது 20 சதவீதம் போலச் சுருங்கும் என்பதால் முன்கூட்டியே பெரிதாகக் கடைவார்கள். விரிசல் விழ ஆரம்பித்தால் அந்த இடத்தில் படிகங்கள் வடிவம் மாறிக் கொஞ்சம் பருத்து, விரிசலையே நெருக்கி நிறுத்திவிடும். வளைக்கும் விசையைத் தாங்கும் திறன் 1000 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும், உலோகக் கேப்பின் மேல் ஏற்றுகிற போர்சலின் என்கிற பீங்கானுக்கோ அதில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். இதெல்லாம் அவர் வாயாலேயே சொன்னது.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பொருளைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் உண்மை, மாட்டிவிட்ட பொருள்தான் வேறு. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று எப்படி நினைப்பேன்? மறுநாளே பணத்தை மொத்தமாகக் கட்டினேன். இரண்டு மாதச் சம்பளம், முன்பணமாக, ஒரே தவணையில்.

கேப் வந்த நாளன்று நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. வாயில் பஞ்சு. அவர் டப்பாவைத் திறந்து எதையோ எடுத்தார், பல்லில் வைத்தார், கடிக்கச் சொன்னார், கொஞ்சம் தேய்த்தார், சிமென்ட் வைத்து ஒட்டிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நிமிடத்தில் "ஒரு தடவை என் கையில் குடுங்க" என்று கேட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. கேப்பின் உட்பக்கத்தைப் பார்த்தாலே போதுமாம். பில்லில் "கேப் 1" என்று மட்டும் இருந்தது. வாரண்டி அட்டை கேட்டதற்கு, கேப் செய்கிற லேபிலிருந்து வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

இரண்டே வாரத்தில் ஈறை ஒட்டி மெல்லிய கருப்புக் கோடு தெரிந்தது. போய்க் காட்டினேன். "அது ஈறோட நிழல் மேடம்" என்றார்கள். அப்புறம் அந்தப் பல்லைச் சுற்றி ஈறு சிவந்து வீங்கியது, பிரஷ் பட்டாலே ரத்தம் வந்தது. சரியாகப் பல் தேய்ப்பதில்லை என்று எனக்கே பாடம் எடுத்து அனுப்பினார்கள். மற்ற எல்லாப் பற்களையும் அதே கையால்தானே தேய்க்கிறேன்? அங்கெல்லாம் ஈறு நன்றாகத்தானே இருக்கிறது?

போன மாதம் சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நறுக்கென்று ஒரு சத்தம். கேப்பின் ஓரத்தில் ஒரு சில்லு உடைந்து கையில் வந்தது. டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். உடைந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் உலோகம் மின்னியது.

அன்றிலிருந்து அலைக்கழிப்பு. முதலில் டாக்டர் பிஸி என்றார்கள். மூன்றாவது முறை போனபோது, கடினமானதைக் கடித்திருப்பீர்கள், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். சரி, உடைந்தது இருக்கட்டும், உள்ளே உலோகம் எப்படி வந்தது என்று கேட்டேன். அதற்கு வந்த பதில்: "ஜிர்கோனியமும் உலோகம்தானே மேடம், அதைத்தான் நீங்க பார்க்கிறீங்க." ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது! ஜிர்கோனியம் உலோகம்தான். ஆனால் பல்லில் வைப்பது அதன் ஆக்சைடு, முழுக்க முழுக்கச் செராமிக், எங்கே உடைத்தாலும் சாம்பல் நிறத்தில் மின்னாது. இரும்பும் துருவும் ஒன்றா? பல் மருத்துவம் படித்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா?

அடுத்த முறை எக்ஸ்ரே எடுத்து, "பாருங்க, பளிச்சுனு வெள்ளையா தெரியுது, ஜிர்கோனியாதான்" என்றார்கள். ஜிர்கோனியாவும் உலோகமும் இரண்டுமே எக்ஸ்ரேயில் பளிச்சென்ற வெள்ளையாகத்தான் விழும். இதை எனக்குப் பிறகு வேறு டாக்டர்தான் சொன்னார். கடைசியாகப் பழியை லேப் மேல் போட்டார்கள். லேபின் பெயரைக் கேட்டேன், தர மறுத்துவிட்டார்கள். வேண்டுமானால் உடைந்த ஓரத்தை இலவசமாகப் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்றார்கள். இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஒரு பாலிஷ்! அதன் பிறகு நான் அனுப்பிய செய்திகளைப் பார்த்ததற்கான அடையாளம் மட்டும் விழுகிறது, பதில் இல்லை.

இன்று கேப்பை எடுத்தவர் வேறொரு டாக்டர், தனியாகச் சின்ன கிளினிக் வைத்திருப்பவர். துண்டை என் கையிலேயே கொடுத்துக் காட்டினார். மேலே பல் நிறத்தில் போர்சலின், அதன் கீழே உலோகத்தின் கருமையை மறைக்க மெல்லிய வெள்ளைப் பூச்சு, அதற்கும் கீழே உலோகத் தொப்பி. பி.எஃப்.எம்., அதாவது உலோகத்தோடு போர்சலினைச் சுட்டு ஒட்டிய கேப், என்று இதைச் சொல்வார்களாம். இது மோசமான பொருள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல வருடங்களாக எத்தனையோ பேருக்கு நன்றாக உழைக்கிற கேப்தான், விலையும் குறைவு. உலோகம் ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன எனக்கு, வேறொரு பொருளின் பெயரைச் சொல்லி, வேறொரு பொருளின் விலையை வாங்கிக்கொண்டு மாட்டியதுதான் அநியாயம். இதில் இருப்பது நிக்கலா கோபால்டா என்று சோதித்தால்தான் தெரியும். மலிவாகச் செய்கிறவர்கள் நிக்கல் குரோமியம் கலவையைத்தான் அதிகம் எடுப்பார்கள் என்றார். ஈறு ஆறுகிறதா என்று சில வாரம் பார்க்க வேண்டுமாம்.

பணத்தைவிட என்னை உடைத்துப்போட்டது அவர் அடுத்து சொன்னது. ஒரே கட்டியில் கடைந்த ஜிர்கோனியாவுக்குக் கடிக்கும் பரப்பில் சுமார் 1 மில்லிமீட்டர் இடம் இருந்தால் போதும். உலோகத்தின் மேல் போர்சலின் ஏற்ற ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் வேண்டும். என் பல்லை அந்த அளவுக்கே தேய்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் அளவு எடுக்கும் முன்பே, பல்லைத் தேய்க்கும்போதே, மெட்டல் கேப்தான் என்று முடிவு செய்துவிட்டார்களா? இரண்டு மாதச் சம்பளத்தை மறுபடி சம்பாதிக்கலாம். தேய்த்த பல் வளராது.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன். மரப்பு விட்டு ஈறு விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்துவிட்டது, அவசியமானதை மட்டும் சொல்கிறேன். ஒட்டுவதற்கு முன் கேப்பைக் கையில் வாங்கி உட்பக்கம் பாருங்கள், சாம்பல் நிறம் தெரிந்தால் ஒட்ட விடாதீர்கள். காந்தத்தை வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பல்லுக்குப் பயன்படுத்துகிற இந்தக் கலவைகள் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. பில்லில் பொருளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். லேபின் பெயரும் வாரண்டி அட்டையும் கைக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கட்டாதீர்கள். உலோகம் ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள், நான் வாயால் சொன்னதற்கு இன்று என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. எடுத்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

புகார் எழுத பில்லையும் துண்டுகளின் படங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். நாளை காலை அனுப்புகிறேன்.