கோடை நாடகம்: முற்றவெளியிலா, மண்டபத்திலா?

சேக்ஸ்பியரின் ‘கோடை இரவுக் கனவு’ யாழ்ப்பாணத்தில் மேடையேறினால் எங்கே பார்ப்பது? நான் தயங்காமல் முற்றவெளித் திடலைச் சொல்வேன். கதையின் பெரும்பகுதி ஏதென்சுக்கு வெளியே, காட்டில், இரவில் நடக்கிறது. மண்டபத்தில் நிலவை விளக்கால் காட்ட வேண்டும். வெளியிலோ அது தலைக்கு மேலேயே நிற்கும்.

நெசவாளி பொட்டம் கழுதைத் தலையோடு வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். முன்வரிசையில் பாய் விரித்து, கச்சான் கோதை உடைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை கையை அப்படியே நிறுத்திவிட்டு வாய் பிளந்து பார்க்கும். வட்டக்களரி என்னும் வட்டமான கூத்துமேடையைச் சுற்றியிருந்து விடிய விடியக் கூத்துப் பார்த்த நமக்கு இந்த நெருக்கம் புதிதல்ல.

ஆனால் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றை மறக்க முடியாது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை அது வசனத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். ஒலிவாங்கி வைத்தாலும் காற்றின் இரைச்சல் அதில் ஏறும். பின்வரிசையில் இருந்து ஒரு காட்சியையே நான் இழந்திருக்கிறேன். அந்த ஏமாற்றம் இன்னும் இருக்கிறது.

ஆகவே சேக்ஸ்பியரின் இன்னொரு நாடகமான ‘பன்னிரண்டாம் இரவு’ என்றால் மண்டபம்தான். ஆண்வேடமிட்ட வயோலா தன் காதலைச் சொல்லாமல் சொல்லும் இடத்தில் ஒரு சொல்லும் தவறக்கூடாது. அதற்காக வியர்வையைப் பொறுத்துக்கொள்ளலாம்.