சிறு விற்பனையாளர்களின் இணையதளங்கள்: பல வருடம் வாங்கியவரின் அனுபவம்

அரிசி, செக்கு எண்ணெய், கைத்தறிச் சேலை மூன்றையும் பல வருடங்களாகச் சிறு விற்பனையாளர்களின் சொந்த இணையதளங்களில்தான் வாங்கி வருகிறேன். பெரிய தளங்களிலும் இவை கிடைக்கும். ஆனால் அங்கே கமிஷன் போக விற்பவருக்கு மிஞ்சுவது குறைவு. நெல் எந்த ஊர், தறி எந்த ஊர் என்பதும் எனக்குத் தெரியாது. இந்தச் சிறு தளங்கள் நிலைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் குறைகளை எழுதுகிறேன். எல்லாம் நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போனில் பார்த்தவை.

லோகோ சுமார், நிறம் பொருந்தவில்லை என்பதற்காக நான் ஒரு தளத்தையும் விட்டு வந்ததில்லை. விட்டு வந்ததெல்லாம் வாங்கத் தேவையான தகவல் கண்ணில் படாததால்தான்.

எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ‘1 பாட்டில்’ என்று போட்டு விலை இருக்கும். அது லிட்டரா, கிலோவா? ஒரு லிட்டர் நல்லெண்ணெய் 910, 920 கிராம்தான் எடை வரும். ஒரு கடை லிட்டர் கணக்கிலும் இன்னொரு கடை கிலோ கணக்கிலும் விற்கும்போது, அளவைச் சொல்லாத விலையை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

சேலையில் இது இன்னும் பெரிய பிரச்சினை. முந்தானையை மட்டும் அழகாக விரித்து ஒரு படம் போட்டுவிடுகிறார்கள். உடல் எப்படி, கரை எத்தனை அகலம், ரவிக்கைத் துணி உண்டா என்று தெரிவதில்லை. சேலை ஐந்தரை மீட்டர். ரவிக்கைத் துணியும் சேர்ந்தால் ஆறேகால் மீட்டரை ஒட்டி வரும். அந்த ஒரு வரி இருந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். மயில்கழுத்து நிறத்தைப் பாவில் (நீளவாட்டு நூலில்) ஒரு நிறம், ஊடையில் (குறுக்கு நூலில்) ஒரு நிறம் வைத்து நெய்கிறார்கள். பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறுவதுதான் அதன் அழகு. ஒரே ஒரு படத்தில் அது வெறும் நீலமாகத் தெரிகிறது. பகல் வெளிச்சத்தில் துணியை அசைத்துப் பத்து வினாடி வீடியோ எடுத்துப் போட்டாலே போதும். நெசவாளரின் இத்தனை உழைப்பும் ஒரு மோசமான படத்தால் விலை போகாமல் கிடப்பது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது கூரியர் கட்டணம். ஐந்து கிலோ அரிசிக்கு முகவரி, பின்கோடு எல்லாம் கொடுத்து முடித்து, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் அது தெரிகிறது. முழுத் தொகையை முன்கூட்டியே சொல்லாமல் பிறகு கூட்டுவதை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்றாகவே வகைப்படுத்துகின்றன. சிறு கடைக்காரர்கள் யாரும் ஏமாற்ற நினைத்து இப்படிச் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. தளத்துக்காக வாங்கிய ரெடிமேட் டெம்ப்ளேட் (தயார் வடிவமைப்பு) அப்படி. ஆனாலும் வாங்குபவருக்குத் தோன்றுவது ஏமாற்றம்தான். ‘தமிழ்நாட்டுக்குள் கிலோவுக்கு இவ்வளவு’ என்று பொருளின் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.

படிவங்களில் ஒரு குறிப்பிட்ட தவறு திரும்பத் திரும்ப வருகிறது. கைபேசி எண் கட்டத்தில் பத்து எழுத்துக்கு மேல் ஏறாதபடி வைத்திருப்பார்கள். போன் தானாக நிரப்பும் எண்ணோ +91 உடன் வரும். முன்னால் +91 மூன்று எழுத்து இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கடைசி மூன்று இலக்கம் வெட்டுப்படும். அப்புறம் ‘தவறான எண்’ என்று சிவப்பில் ஒரு வரி வரும். சில தளங்களில் அதோடு மற்ற கட்டங்களும் காலியாகிவிடும். சரி, போன் செய்தே ஆர்டர் கொடுத்துவிடலாம் என்றால், கடை எண் பேனர் படத்துக்குள் இருக்கும். தொட்டால் அழைப்பு போகாது, நகலெடுக்கவும் முடியாது.

தமிழில் எழுதும் தளங்களை மனதாரப் பாராட்டுகிறேன். அவற்றில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பட்டனில் ‘கூடையில் சேர்க்கவும்’ அடங்காமல் பாதியில் நிற்கிறது. வரி இடைவெளி நெருக்கமாக இருந்தால் மேலே புள்ளியும் கீழே சுழியும் வெட்டுப்படுகின்றன. பட்டனின் உயரத்தைக் கட்டிப்போடாமல் எழுத்துக்கேற்ப வளர விட்டு, வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் இது தீரும். முக்தா மலர், கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழைப் படமாக ஒட்ட வேண்டியதில்லை. ஒட்டினால் கூகுளில் தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைப்பதும் கடினம்.

வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து வேண்டாம். பின்னணிக்கும் சாதாரண அளவு எழுத்துக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச மாறுபாடு இருக்க வேண்டும் என்பது, பார்வைக் குறைவு உள்ளவர்களும் படிப்பதற்கான உலக அளவிலான அணுகல்தன்மை நெறி. வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனைப் பார்த்தால் அதன் அவசியம் புரியும். கேமராவில் எடுத்த நாலைந்து எம்பி படத்தைச் சுருக்காமல் ஏற்றுவதும், மிதக்கும் வாட்ஸ்அப் பட்டன் வாங்கும் பட்டனை மறைப்பதும் இன்னும் பல தளங்களில் இருக்கின்றன.

நான் தொடர்ந்து அரிசி வாங்கும் ஒரு தளத்தில் தானாக நகரும் பட ஸ்லைடரும் கிடையாது, பாப்அப்பும் கிடையாது. மாப்பிள்ளைச் சம்பாவின் படம், எடை, விலை, கூரியர் கட்டணம், எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும், எந்த மாதத்து அறுவடை, தொட்டால் அழைக்கும் எண், கடை திறந்திருக்கும் நேரம். இத்தனையும் ஒரே பக்கத்தில், கறுப்பு எழுத்தில். வீட்டில் வயதானவர்களும் யார் உதவியும் இல்லாமல் அதில் ஆர்டர் போடுகிறார்கள்.